அறியாத காட்டின் வாசலில்

பங்குனி மாதத்து முற்பகல் அது. படாளத்தை அடுத்த ஓர் ஊரில், அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த நெல்வயலின் வரப்பில் நானும் ஓர் இருளர் முதியவரும் அமர்ந்திருந்தோம். எலி பிடித்துத் தருமாறு நிலத்துக்காரர் அவரை அழைத்திருந்தார். அவருடைய தொழிலைக் காணும் ஆவலில் நானும் உடன் சென்றிருந்தேன். கடப்பாரையும் புகை ஊதும் மண்பானையும் வரப்பின்மேல் கிடந்தன. அவர் அவற்றைத் தொடவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் கழிந்தபின் பொறுமையிழந்து கேட்டேன்:

"என்ன பெரியவரே, இன்னும் தொடங்கவில்லையா?"

"இந்தக் கழனிக்கு நான் வந்ததில்ல சாமி. யார் யாரு இருக்காங்கன்னு மொதல்ல பாத்துக்கிறேன்."

சிறிது நேரத்தில் எழுந்து வரப்புகளைச் சுற்றி நடக்கலானார். ஒரு வளையின் வாயில் புது மண் உதிரியாகக் குவிந்திருந்தது. உள்ளே எலி உண்டு என்றார். மற்றொன்றின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருந்தது. பாம்பு வந்துபோகும் வழி என்றார். மூன்றாவதன் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது. பல நாளாக யாரும் வரவில்லை என்றார். ஓரிடத்தில் அவர் சட்டென்று நின்றார். வெறுந்தரையில், மண்ணோடு மண்ணாக, ஆட்காட்டிக் குருவியின் முட்டைகள் நான்கு. நான் இன்னும் ஓரடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன். அவர் ஒரு சுள்ளியை ஒடித்து முட்டைகளுக்குச் சற்றுத் தள்ளி நட்டுவைத்தார். அருகிலேயே நல்ல வளை ஒன்று இருந்தது. "இது வேணாம்" என்று சொல்லிவிட்டு அப்பால் நடந்தார். அன்று அவர் கண்ட வளைகள் பன்னிரண்டு இருக்கும். தோண்டியவை மூன்றே.

வீடு திரும்பிய பின்னும் அந்த அரைமணி நேரம் என்னை விட்டு அகலவில்லை. வேட்டைக்கு முன் புதிய இடத்தைச் சுற்றிப் பார்ப்பது வெறும் தொழில் நுணுக்கந்தானா, அல்லது அது ஓர் அறச்செயலா? இக்கேள்வியை வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முன்னறிவு வெற்றிக்கு வழி என்பதை எவரும் மறுக்கமாட்டார். வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என்று அடுத்தடுத்து அமைத்தார். தன் வலிமை அறியாமலும், காலம் கருதாமலும், களத்தை ஆராயாமலும் இறங்குபவன் தோற்பான் என்பது உலகியல் உண்மை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. திருடனும் நோட்டம் பார்க்கிறான். எந்த வீட்டில் நாய் இல்லை, எந்தக் கதவில் தாழ் தளர்ந்திருக்கிறது என்பதை வீட்டுக்காரனைவிட அவன் நன்றாக அறிவான். கள்ளத்தனமாக மான் சுடுபவனும் காட்டைப் பலநாள் கவனித்தவனே. ஆகவே ஓரிடத்தை நுணுகி அறிவது மட்டும் நற்பண்பாகிவிடாது.

புனித தாமஸ் அக்குவினாஸ் விவேகம் என்னும் நற்பண்பை ஆராயும்போது இதே சிக்கலை எதிர்கொள்கிறார். தீய நோக்கத்துக்குத் தக்க வழிகளைத் திறம்படக் கண்டுபிடிப்பவனைக் கைதேர்ந்த கொள்ளைக்காரன் என்று உலகம் சொல்லலாம்; ஆனால் அவனிடம் உள்ளது விவேகத்தின் போலி என்கிறார். அதே நூலில் விவேகத்தின் கூறுகள் எட்டு என எண்ணும் அவர், முன்நோக்கோடும் சுற்றிப் பார்க்கும் பார்வையோடும் மற்றொன்றையும் சேர்க்கிறார்: பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவு. குருமடத்தில் இதைப் படித்தபோது மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். இதன் பொருள் விளங்கியது என்னவோ அந்த வரப்பில்தான்.

திருடனின் நோட்டத்துக்கும் முதியவரின் பார்வைக்கும் உள்ள வேறுபாடு என்ன? திருடன் ஒரே கேள்வி கேட்கிறான்: எப்படி எடுப்பது? முதியவர் அதற்கு முன்னதாக வேறொன்று கேட்கிறார்: எடுக்கலாமா? விடை 'கூடாது' என்று வந்தால் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பால் செல்ல அவர் ஆயத்தமாயிருந்தார். திரும்பிச் செல்லும் மனம் இல்லாதவன் எத்தனை நாள் தடம் பார்த்தாலும், அவன் பார்ப்பது தன் பசியையே அன்றி அந்த இடத்தையன்று.

படாளத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள வேடந்தாங்கலின் வரலாறு இதற்குச் சான்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் அங்கு வந்து, ஏரி மரங்களில் கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டனர். பறவைகள் எங்கே அமரும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாதது ஒன்றே. பறவைகளின் எச்சம் கலந்த அந்த ஏரி நீரே ஊராரின் வயல்களுக்கு உரமாயிற்று. ஊரார் தலைமுறைகளாக அப்பறவைகளைக் காத்து வந்தனர். இதை அறிய நெடுங்காலம் ஆராய வேண்டியதில்லை. கரையில் நின்ற ஓர் உழவரைக் கேட்டிருந்தால் போதும். ஊரார் முறையிட்டனர். 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் வழங்கினார். கானுயிர்ச் சட்டங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே, எழுத்தறியாத உழவர்கள் ஓர் அரசுக்குக் கற்பித்த பாடம் அது.

திருவிவிலியத்தில் வேவு பார்த்தல் என்றதும் எண்ணிக்கை நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வரும். மோசே பன்னிருவரை அனுப்புகிறார். நிலம் எத்தகையது, மரங்கள் உண்டா, மக்கள் வலியவரா எளியவரா என்றெல்லாம் பார்த்துவரச் சொல்கிறார். நாற்பது நாள் சுற்றிய அவர்கள், இருவர் சுமக்கும் அளவுக்குப் பெரிய திராட்சைக் குலையோடு திரும்புகின்றனர். அவர்களில் பதின்மர், அங்குள்ளோர்முன் தாங்கள் வெட்டுக்கிளிகளைப் போல் இருந்ததாகச் சொல்லி மக்களை அச்சத்தில் ஆழ்த்துகின்றனர். காலேபும் யோசுவாவும் மட்டுமே நம்பிக்கையோடு பேசுகின்றனர். இப்பகுதியை வைத்து நம்பிக்கையைப் பற்றி நானும் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். இப்போது படிக்கையில் வேறொன்றும் கண்ணில் படுகிறது. அப்பதின்மரின் அறிக்கையில் நிலம் கனிகளாகவும், மக்கள் அரண்களாகவும் அரக்கர்களாகவுமே தோன்றுகின்றனர். தங்கள் ஆதாயத்தையும் தங்கள் ஆபத்தையும் தவிர வேறெதையும் அவர்கள் காணவில்லை. பேராசையும் அச்சமும் வெவ்வேறு போலத் தோன்றினும், இரண்டும் மனிதனைத் தன்னையே சுற்றிச் சுற்றிப் பார்க்கச் செய்பவை. அத்தகைய கண்ணோடு நாற்பது நாளன்று, நாற்பது ஆண்டு சுற்றினாலும் ஒரு நாட்டை அறிய இயலாது.

முற்றிலும் அறியாத காட்டில் நுழைந்த நம் மாவட்டத்தார் இருவரின் கதை இதற்கு நேர்மாறானது. 2017-ஆம் ஆண்டு சனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். வளர்ப்பதற்கென வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சதுப்பு நிலங்களில் பெருகி, அம்மண்ணுக்குரிய விலங்குகளை அழித்து வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த பாம்பு பிடிக்கும் போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதம் முயன்று பிடித்தவை 106. நம் இருவரோ முதல் எட்டு நாள்களிலேயே 13 பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. மொழி புதிது, மண் புதிது, புல்லும் புதிது. எனினும் வண்டியில் கரையோரமாகச் செல்வதை விட்டு, புதருக்குள் நடந்து, அழுந்திய புல்லையும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் தேடிச் சென்றனர். 2023-இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இங்கே சிலர் கேட்கலாம்: பழங்குடியினர் என்றாலே புனிதராக்கிவிடுகிறீரே, அவர்களும் பாம்புத் தோலை உரித்து விற்றவர்கள்தாமே? நேர்மையான கேள்வி. ஆம், விற்றனர். தோல் வணிகர் கேட்ட அளவுக்குப் பிடித்துக் கொடுத்தனர். 1972-இல் வந்த கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1976-இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. நற்பண்பு எவருக்கும் பிறப்போடு வருவதன்று. அதே கண், அதே தடம், அதே கடப்பாரை ஒரு காட்டை வெறுமையாக்கவும் கூடும். பிழைப்பிழந்த குடும்பங்கள் பல அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழன்றதும் வரலாறே. 1978-இல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியை மையமாகக் கொண்டு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துச் சில வாரம் வைத்து நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிளில் அடையாளமிட்டு மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். நம் நாட்டில் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்தே செல்கிறது. அன்று தோலுக்காகத் தேடிய அதே கண், இன்று உயிர் காக்கத் தேடுகிறது. திறமை மாறவில்லை, எடுப்பதற்கு ஓர் எல்லை வந்தது.

இவ்வளவு எழுதிய நான் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியிலுள்ள ஒரு பங்குக்குப் புதிதாக மாற்றலாகி வந்தேன். ஆலயத்துக்குப் பின்னால் புதரும் புற்றுமாய்க் கிடந்த நிலத்தில் மாதாவுக்கு ஒரு கெபி கட்ட ஆசை. நிலம் நம்முடையது, ஆவணங்கள் தெளிவு, பங்குப் பேரவையும் இசைந்தது. வந்த மூன்றாம் மாதமே இயந்திரம் வந்து ஒரே பகலில் அனைத்தையும் சமன் செய்தது. மாலையில் ஓர் இருளர் மூதாட்டி வந்து, சிவந்த மண்ணைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

"என்ன ஆயா, என்ன வேண்டும்?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம் சாமி. மழ பேஞ்சா இந்தப் புத்துலதான் ஈசல் புடிப்போம். கொழந்தைங்களுக்கு மருந்துத் தழையும் இங்கதான். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கோபமில்லை, வசையில்லை. கண்ணீரும் இல்லை. அதுவே என்னை அதிகம் சுட்டது. ஏனெனில் நான் நோட்டம் பார்க்காமல் இறங்கியவனல்லன். அளந்தேன், வரைபடம் போட்டேன், வடிகால் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்தேன். யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கவில்லை. கெபி அழகாக எழுந்தது. அதன்முன் முழந்தாளிடும் போதெல்லாம் அந்தப் புற்று என் நினைவுக்கு வரும். அடுத்த ஆண்டு மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குச் சென்றேன். இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து மணலில் தங்கித் தங்கள் கன்னியம்மனை வழிபடும் நாள் அது. அங்கே அந்த மூதாட்டியைத் தேடிக் கண்டு மன்னிப்புக் கேட்டேன். "ஒக்காரு சாமி" என்று மணலைத் தட்டிக் காட்டினார். வரப்பில் அமர்ந்த அம்முதியவர் அவருடைய உறவினர்; அவருடன் செல்லும் வாய்ப்பு அன்று தொடங்கிய பழக்கத்தால் கிட்டியதே.

அன்பு வாசகரே, நம்மில் பெரும்பாலோர் வேட்டைக்குச் செல்வதில்லை. ஆனால் அறியாத இடத்தில் நுழைந்து அங்கிருந்து எதையேனும் பெறாதவர் நம்மில் யார்? புதிய பங்குக்கு வரும் குருவானவர், புதிய ஊருக்கு மாற்றலாகும் அலுவலர், பெருஞ்சாலையோரம் வீட்டுமனை வாங்கும் குடும்பத்தார் அனைவரும் ஒரு காட்டின் வாசலில் நிற்பவரே. மனை வாங்குமுன் பட்டாவைப் பார்க்கிறோம். வில்லங்கச் சான்று எடுக்கிறோம். நிலத்தடி நீர் உண்டா என்று சோதிக்கிறோம். இவை யாவும் தேவையே. ஆனால் நிலம் யார் பெயரில் என்பதைப் பட்டா சொல்லும்; நிலத்தால் யார் வாழ்கிறார் என்பதைச் சொல்லாது. எந்த ஆட்டுமந்தை அவ்வழியே நீருக்குச் செல்கிறது, எந்த ஓடை மழைக்காலத்தில் அங்கே ஓடும், எந்த மூதாட்டி அங்கே தழை பறிக்கிறார் என்பன எந்தப் பதிவகத்திலும் இரா. அவை மனிதர் வாயில்தான் இருக்கும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், பழங்குடியினரின் நிலத்தைத் தொடும் பெருந்திட்டங்களில் அவர்களையே முதன்மையான உரையாடல் துணைவராகக் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியதும் இதனாலன்றோ?

கேட்பதால் எப்போதும் இழப்பு வரும் என்றில்லை. கேட்டிருந்தால் என் கெபி பத்தடி தள்ளி எழுந்திருக்கும், புற்றும் இருந்திருக்கும். ஆனால் சில நேரம் விடை 'வேண்டாம்' என்றே வரும். அதையும் ஏற்கும் மனத்தோடு கேட்பதே கேட்டலாகும்; முடிவெடுத்தபின் கேட்பது வெறும் சடங்கு.

அந்த முதியவர் அன்று மூன்று வளைகளைத் தோண்டி, எலிகளையும் அவை சேர்த்து வைத்திருந்த நெல்லையும் எடுத்துக்கொண்டு நிறைவோடு புறப்பட்டார். சற்றுத் தூரம் சென்றபின் நான் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் அந்தச் சுள்ளி மட்டும் வயல் நடுவே நின்றது. ஆட்காட்டி மெல்ல நடந்து வந்து தன் முட்டைகள்மேல் அமர்ந்தது.