மிளகு ஏன் உறைக்கிறது?

பாசி இனங்களைத் தேடி அலைபவர், பழைய ரயில் கால அட்டவணைகளை விலை கொடுத்து வாங்கி அடுக்கி வைப்பவர், ஒரே வகைச் சிலந்தியை ஆண்டுக்கணக்கில் கவனித்து எழுதி வைப்பவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கூடவே வாழ்பவர்களுக்கு அந்த ஈடுபாடு பழகிப்போய்விடுகிறது. அவர்கள் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். முகம் பார்க்காமல் எழுத்து வழியாக மட்டும் அறிமுகமான நண்பர்கள்தாம் விடாமல் கேட்கிறார்கள்: "இதில் உங்களுக்கு அப்படி என்னதான் இருக்கிறது?" கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஒரு பயனைத் தேடிப் பிடித்துச் சொல்கிறார். மனம் அமைதியாகிறது, ஞாபக சக்தி வளர்கிறது, பிற்காலத்தில் யாருக்காவது உதவும் என்கிறார். கேட்டவரும் தலையசைத்துவிடுகிறார். இந்தப் பதில்கள் மரியாதையானவை, ஆனால் உண்மையானவை அல்ல என்பது என் கருத்து. யாரும் ஞாபக சக்திக்காகச் சிலந்தியின் முன்னால் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்கிற நண்பருக்கு, எதைப் பார்த்தோம் என்பதைச் சொல்வதுதான் நேர்மையான பதில். அவரும் தாமே பார்க்க முடிகிற அளவுக்கு, விவரம் குறையாமல் சொல்ல வேண்டும்.

இதை ஐம்பது ஆண்டுகள் இடைவிடாமல் செய்த மனிதர் ஒருவர் உண்டு. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டன் வான் லூவன்ஹாக். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, லத்தீன் தெரியாது. தாமே தேய்த்துச் செய்த சின்னஞ்சிறு கண்ணாடி வில்லைகளின் வழியே கையில் கிடைத்ததையெல்லாம் உற்றுப் பார்ப்பது அவருடைய ஈடுபாடு. 1673இல் அவ்வூர் மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு அவரைப் பற்றி எழுதினார். அங்கிருந்து கேள்விகள் வர, இவர் தம் டச்சு மொழியிலேயே பதில் எழுத, 1723இல் இறக்கும்வரை அந்தக் கடிதத் தொடர்பு அறுபடவில்லை. மிளகு ஏன் நாக்கில் உறைக்கிறது என்பது அவரைக் குடைந்த கேள்விகளில் ஒன்று. மிளகில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் இருந்து குத்துகின்றனவோ என்று நினைத்து, அதைத் தண்ணீரில் ஊறவைத்து, சில வாரம் கழித்துப் பார்த்தார். முட்கள் இல்லை. தண்ணீருக்குள் எண்ணிலடங்காத சிற்றுயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. 1676 அக்டோபரில் எழுதிய நீண்ட கடிதத்தில், மழைநீர், கிணற்று நீர், கடல்நீர் ஆகியவற்றில் கண்டவற்றோடு இதையும் விவரித்தார். அந்த உயிர்கள் எவ்வளவு சிறியவை என்று சொல்ல மணல் துகளையும் பேனின் கண்ணையும் அளவாகக் கொண்டார். இந்த ஆராய்ச்சியால் மனிதகுலத்துக்கு என்ன லாபம் என்பதல்ல அக்கடிதத்தின் பேச்சு.

லண்டனில் உடனே நம்பிவிடவில்லை. மறு ஆண்டு அவர் பாதிரியார்கள் உட்பட எட்டுப் பேரை அழைத்துக் காட்டி, பார்த்தோம் என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கி அனுப்பினார். அது மட்டும் போதவில்லை. 1677 நவம்பரில் அச்சங்கத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் தாமே மிளகை ஊறவைத்து, தம் கருவியில் பார்த்து, சங்கத்தாருக்கும் காட்டிய பிறகே சந்தேகம் தீர்ந்தது. ஹூக்கால் அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், கடிதத்தில் மிளகும் தண்ணீரும் நாள்கணக்கும் இருந்ததுதான். "எனக்கு இதில் மனநிறைவு" என்று எழுதியிருந்தால் ஹூக் எதை ஊறவைத்திருப்பார்?

பயன் சொல்லாத ஈடுபாடு வெறும் சுயசுகம்தானே என்று கேட்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பார்க்கிறேன். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். நூல்களோடு நாடக நோட்டீஸ்கள், சினிமாத் துண்டுப் பிரசுரங்கள், கல்யாணப் பத்திரிகைகள் வரை சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதிலிருந்து சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர் யாரும் அந்தப் படியை மிதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு நாடக நோட்டீஸைக் கசங்காமல் எடுத்து வைத்த அந்த நாளில் இந்தப் பயன் எங்கே இருந்தது? காகிதம்தான் இருந்தது, அதன் மேல் ஒருவருக்கு விடாத பிரியமும் இருந்தது. பின்னால் வந்த பயனை முன்னால் இருந்த காரணமாகச் சொன்னால், அந்தப் பிரியத்தையே கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம். பயன் விளையாத சேகரிப்புகளுக்கும் அதே பிரியம்தான் வேர். அவற்றைத் தாழ்வாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. நண்பர் கேட்பது பொருளைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி. பொருளைப் பற்றியே பேசினால் அவருடைய அன்பைத் தட்டிக்கழிப்பதாகாதா? லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்து வியாபாரிக்கு இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. கீற்று, திரள், படை என்று மேகங்களை நாம் பள்ளியில் பிரித்துப் படிப்பது 1802இல் அவர் ஆற்றிய ஓர் உரையிலிருந்து வந்தது. அதைப் படித்து மயங்கிய ஜெர்மானியக் கவிஞர் கதே, இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று அறிய விரும்பிச் செய்தி அனுப்பினார். ஹோவர்ட் முதலில் நம்பவில்லை; பிறகு 1822இல் தம் வாழ்க்கையை விரிவாகவே எழுதி அனுப்பினார். அவர் செய்தது சரி. கேட்பவருக்கு மனிதரைத் தெரிந்துகொள்ளவும் உரிமை உண்டு. ஆனால் கதே அந்த வாசலுக்கு வந்தது மேகங்களைப் பார்த்துக்கொண்டே. மேகத்தை ஹோவர்ட் தெளிவாகச் சொன்னதால்தான், சொன்னவர் யார் என்று கேட்கத் தோன்றியது. இந்த வரிசை மாறினால், தன்னைப் பற்றிப் பேச ஈடுபாடு ஒரு சாக்காகிவிடும்.

கேட்பவரின் பொறுமைக்கும் எல்லை உண்டுதான். அதற்காக எல்லாவற்றையும் மேலோட்டமாகச் சொல்வதைவிட, ஒரு மிளகை எடுத்துக்கொண்டு அதை முழுதாகச் சொல்வது மேல்.

எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டுமா என்பது மட்டும் எளிதில் தீராத கேள்வி. லூவன்ஹாக் பார்த்ததைச் சொன்னாரே தவிர, தம் சிறந்த வில்லைகளைக் கொண்டு பார்க்கும் முறையைக் கடைசிவரை யாருக்கும் கற்றுத்தரவில்லை. வெள்ளியில் செய்த 26 நுண்ணோக்கிகளை ராயல் சொசைட்டிக்கு எழுதிவைத்தார்; அவற்றைக் கையாண்ட நுட்பம் அவரோடு போனது. தனக்கென்று ஒரு மூலையை வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பார்த்ததைக் கேட்டு மகிழ்ந்து, பார்க்கவும் கற்றுக்கொள்ள வந்த நண்பரை வாசலோடு அனுப்பியதில் அவர் தவறினார் என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட நண்பர் வாழ்நாளில் ஒருவரோ இருவரோதான் வருவார்கள்.