காண்டல், கருதல், உரை
செய்மதிப் படப் புதிர்கள் எழுப்பும் ஓர் அறவியல் வினா

கணினித் திரையிலே ஒரு படம் தோன்றுகின்றது. பழுப்பு நிறத் தரையிலே பச்சை வட்டங்கள் நிரை நிரையாகக் கிடக்கின்றன. ஊரின் பெயர் இல்லை. திசைக் குறிப்பும் இல்லை. பல நூறு கிலோமீற்றர் உயரத்திலே பூமியைச் சுற்றிவரும் செய்மதியொன்று எடுத்த அப்படத்தைப் பார்த்து, அது எந்நாட்டின் எப்பகுதி என்று கூறிவிடல் வேண்டும். இணையத்திலே பலர் இதனை விளையாட்டாக ஆடுகின்றனர். சிலர் வியக்கத்தக்க தேர்ச்சியும் பெற்றுள்ளனர்.

இவ்விளையாட்டிற்கான மூலப்பொருள் கிடைத்த வரலாறு குறுகியதே. லான்ட்சற் வரிசையின் முதலாவது செய்மதி 1972 யூலையில் ஏவப்பட்டது. 2005இல் கூகிள் ஏர்த் வெளிவந்தபின் வீட்டிலிருந்தே உலகை மேலிருந்து நோக்குதல் எளிதாயிற்று; 2008இல் லான்ட்சற் படங்கள் அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கலாயின. நாசா நிறுவனம் நடத்தும் புவி அவதானிப்பு இணையத்தளம், மாதந்தோறும் ஒரு படத்தைத் தந்து வாசகரிடம் விடை கேட்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகள் பேணியது. அங்கு வாசகரிடம் கேட்கப்பட்டது இடத்தின் பெயர் மாத்திரமன்று. அக்காட்சி எதனாற் கருதத்தக்கது என்பதும் உடன் கேட்கப்பட்டது. பெரும்பாலான விளையாட்டுக்களில் இவ்விரண்டாம் வினா இல்லை. பெயர் கிடைத்ததும் புள்ளி வழங்கப்பட்டு, அடுத்த படம் வந்துவிடுகின்றது.

ஓர் இடத்தின் பெயரைச் சரியாகச் சொன்னவன் அவ்விடத்தை அறிந்தவனாவானா? அறிந்தவனல்லன் எனின், அறியாத ஓரிடத்தை அறிந்ததாக எண்ணி மகிழ்வதில் ஏதேனும் குற்றமுண்டா?

சைவ சித்தாந்தப் பேராசிரியர் அருணந்தி சிவாசாரியார், அறிவைப் பெறும் வாயில்களை அளவைகள் என வகுத்து, அவற்றுட் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனையும் முதன்மையாகக் கொண்டார். இவ்விளையாட்டில் முதலிரண்டும் செம்மையாகத் தொழிற்படுகின்றன என்பதை மறுத்தற்கில்லை. மேலே கூறிய பச்சை வட்டங்களையே எடுத்துக்கொள்ளலாம். வட்டத்தின் நடுவே கிணறு. அதிலிருந்து நீண்ட குழாயொன்று சில்லுகளின் மீது கடிகார முள்ளைப் போலச் சுழன்று நீர் தெளிக்கின்றது. கொலராடோவைச் சேர்ந்த பிராங் சைபாக் என்னும் விவசாயி 1952இல் இப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். லிபியாவின் குப்ரா பாலைநிலத்திலும், சவூதி அரேபியாவிலும், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலும் இத்தகைய வட்டங்கள் உண்டு. குப்ராவில் வட்டங்களுக்கிடையே வெறும் மணல். கன்சாசிலோ ஒவ்வொரு வட்டமும் ஒரு சதுரத்தினுள் அடங்கிக் கிடக்கும். சதுரங்களைப் பிரிக்கும் வீதிகள் ஏறத்தாழ ஒரு மைல் இடைவெளியில் நேர்கோடாகச் செல்லும். புகையைக் கண்டு தீயுண்டென்று துணிபவனைப் போலச் சதுரத்தைக் கண்டு கன்சாஸ் என்று துணிகின்றான் ஆடுபவன். அவனது துணிபு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

காண்டலிற் குற்றம் நேர்தலும் உண்டு. ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என அளவை நூலார் கூறுவனவற்றிற்கு இப்படங்கள் நல்ல உதாரணங்கள். வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில் வெயில் தெற்கிலிருந்து விழுகின்றது. வடக்கை மேலாகக் கொண்ட படத்திலே ஒளி கீழ்ப்புறத்திலிருந்து வருவதாகின்றது. ஒளி மேலிருந்து வருமெனப் பழகிய கண்ணுக்கு அப்போது மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் தோன்றும். மேலும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரைச் சிவப்பு நிறமாகக் காட்டும் படங்களிலே பசுஞ்சோலை செந்நிறமாக இருக்கும். ஆடுபவன் இக்குற்றங்களைப் பயிற்சியால் நீக்கிக்கொள்கின்றான். கண்ணைத் திருத்தும் இப்பயிற்சி இழிவானதன்று. உலகை இத்துணை உன்னிப்பாக நோக்க வேறெத்தனை பொழுதுபோக்குகள் கற்பிக்கின்றன?

குறை மூன்றாவது அளவையிலேயே உள்ளது. கன்சாசின் சதுரங்கள் இயற்கையிலே தோன்றியவையல்ல. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம் வகுத்த முறைப்படி, ஆறும் மேடும் பாராது, ஒரு மைலுக்கு ஒரு மைலாக நிலம் கூறிடப்பட்டது. அம்மாநிலத்திற்குப் பெயர் தந்த காவ் மக்கள் 1873இல் அங்கிருந்து இன்றைய ஒக்லகோமாவுக்கு அகற்றப்பட்டனர். எந்தச் சதுரத்தை அடையாளமாகக் கொண்டு ஆடுபவன் வெல்கின்றானோ, அதே சதுரம் ஒரு மக்கட் கூட்டத்தின் இழப்பையும் தன்னுட் கொண்டது. வட்டங்களைப் பசுமையாக வைத்திருக்கும் ஒகல்லாலா நிலத்தடி நீரோ மழையால் நிரம்புவதைவிட விரைவாக இறைக்கப்படுகின்றது. மேற்குக் கன்சாசின் சில பகுதிகளில் நீர்மட்டம் 30 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்துவிட்டது. கிணறு வற்றுவதைப் பார்த்திருக்கும் விவசாயியின் பேச்சும், காவ் வழித்தோன்றலின் நினைவும் படத்தில் இல்லை. அவற்றை ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டே அறிதல் கூடும்.

சித்தாந்திகள் உரை என்றது இறைநூலையே என்று இங்கு தடை எழுப்பலாம். எனினும் நியாய மரபினர் அதனை நம்பத்தக்கவன் வாக்கு என விரித்தனர். அவ்வாறு நம்பத்தக்கவனுக்குரிய இலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் ஒன்றே என்று வாத்ஸ்யாயனர் தம் உரையில் எழுதினார். தான் நேரே அறிந்ததை உள்ளவாறு சொல்ல விரும்புபவன் எவனாயினும் அவன் சொல் அளவையாகும். நிலத்திலே வாழ்பவன் அந்நிலத்தைப் பற்றிச் சொல்வது இவ்விலக்கணத்திற்கு முற்றும் பொருந்துகின்றது.

விளையாட்டின் மீது இத்துணைப் பாரத்தை ஏற்றுதல் தகுமா எனச் சிலர் வினவலாம். குறுக்கெழுத்துப் போட்டியில் ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பவன் அச்சொல்லின் வரலாற்றுக்குக் கடமைப்பட்டவனல்லன். இவனுக்கு மட்டும் ஏன் அக்கடமை? நியாயமான வினாவே. ஆடுபவன் பிறர் வாழ்வை ஒளிந்து நோக்குகின்றான் என்று குற்றஞ்சாட்டுதலும் இயலாது. லான்ட்சற் படத்தின் ஒரு புள்ளி தரையிலே 30 மீற்றர் அகலத்தைக் கொண்டது. அதில் ஒரு வீடுகூடத் தனித்துத் தெரிவதில்லை. ஆனால் இந்த விடை அவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும்போதே வேறொன்றைப் புலப்படுத்திவிடுகின்றது. மனிதர் இல்லாத உலகமே அவன்முன் வைக்கப்படுகின்றது. ஆயிரம் படங்களைப் பார்த்தவனுக்கு அதுவே உலகத்தின் இயல்பான தோற்றமாகப் பழகிவிடுகின்றது. சொற்களுக்குக் குடியிருப்போர் இல்லை, இடங்களுக்கு உண்டு. குறுக்கெழுத்தோடு கொண்ட ஒப்புமை இவ்விடத்தில் முறிகின்றது.

இதே திறமை விளையாட்டிற்கு வெளியே பயன்பட்ட சந்தர்ப்பங்கள் இதனை மேலும் தெளிவாக்கும். சீனாவின் சின்சியாங் பகுதியிலுள்ள தடுப்பு முகாம்களை ஆராய்ந்த ஊடகவியலாளர் குழுவொன்று, சீன இணைய வரைபடமொன்றிற் சில இடங்கள் வெறுமையாக மறைக்கப்பட்டிருப்பதைக் கவனித்து, அவ்விடங்களை வேறு செய்மதிப் படங்களோடு ஒப்பிட்டு, மதில்களையும் காவற் கோபுரங்களையும் அடையாளங் கண்டது. அப்பணிக்கு 2021இல் புலிற்சர் பரிசு கிடைத்தது. ஆனால் மதிலைக் கண்டதோடு அக்குழுவினர் நிற்கவில்லை. அங்கு அடைக்கப்பட்டிருந்து வெளியேறியவர்கள் பலரைத் தேடிச் சென்று அவர்கள் வாயாற் கேட்டனர். உள்ளே நிகழ்ந்தது இன்னது என்பதை அவர்களே சொல்ல வேண்டியிருந்தது.

ஈழத்து வாசகருக்கு மிக அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. 2009 மே 6, 10 ஆகிய திகதிகளில் முல்லைத்தீவின் கரையோரத்தில் எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களை அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் ஒப்புநோக்கியது. முதற் படத்தில் நெருங்கிக் கிடந்த தற்காலிகக் கூடாரங்கள் பல, நான்கு நாட்களுக்குப் பின்னெடுத்த படத்திலே இல்லை; நிலத்திலே குழிகள் தென்பட்டன. உலகத்தின் கண்கள் அவ்வளவையும் கண்டன. நிபுணர்கள் அவற்றிலிருந்து கருதத்தக்கனவற்றைக் கருதினர். ஒவ்வொரு கூடாரத்திலும் எத்தனை பேர் இருந்தனர், அவர்கள் எவ்வூரவர், கூடாரத்தை விட்டு எத்திசையிற் சென்றனர் என்பன படத்தில் இல்லை. அவை அங்கிருந்து மீண்டவர்களிடம் இருக்கின்றன. அவர்களுட் பலரை இன்னும் எவரும் கேட்டதில்லை.