எரிபொருள் தாங்கியும் ஆபத்தை ஏற்கும் உரிமையும்

பந்தயக் காரின் எரிபொருள் தாங்கி பெரும்பாலும் சாரதியின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். 1930களில் அமெரிக்காவில் தோன்றிய மிட்ஜெட் என்னும் சிறு ஒற்றை இருக்கைக் கார்களில் வால்பகுதி முழுவதையும் தாங்கியே அடைத்துக்கொள்கிறது. வெறும் உலோகத் தாங்கி மோதலில் மடிப்பில் கிழியும், ஒட்டு வைத்த இடத்தில் பிளக்கும். பாதுகாப்புத் தாங்கி அப்படியல்ல. வெளியே உலோகப் பெட்டி, உள்ளே நூலிழை பாய்ந்த ரப்பர் பை, பைக்குள் கடற்பஞ்சு போன்ற நுரை. பெட்டி நசுங்கினாலும் பை வளைந்து கொடுக்கும். எரிபொருள் அலைமோதாமல் நுரை பிடித்து வைத்திருக்கும். கார் தலைகீழாகக் கவிழ்ந்தால், காற்றுக் குழாய்க்குள் இருக்கும் சிறு குண்டு உருண்டு வந்து வாயை அடைத்துவிடும்.

சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் தரச்சான்று பெற்ற பைக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. உற்பத்தியாளர் சோதித்துச் சான்று தந்தால் மேலும் இரண்டு ஆண்டு பாவிக்கலாம். ஒரு மோதலும் காணாத, தொட்டால் இன்னும் மிருதுவாக இருக்கிற பையையும் காலம் முடிந்ததும் கழற்றத்தான் வேண்டும். பொழுதுபோக்காகப் பந்தயம் ஓடுகிறவர்களை இதுதான் அதிகம் உறுத்துகிறது. சான்று பெற்ற தாங்கி ஆயிரம் டொலரைத் தாண்டக்கூடும். டொலரை முந்நூறு ரூபாவாக வைத்தால் மூன்று லட்சம் ரூபா. இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஒருவரின் 2024ஆம் ஆண்டு அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாவில் கணக்கிட்டால், அது 222 நாள் உழைப்பு. செலவைப் பற்றிய முறைப்பாட்டைப் பணக்காரர்களின் சிணுங்கல் என்று ஒதுக்குவது நியாயமல்ல. விதி கூடக்கூட, கையில் காசுள்ளவர் மட்டுமே ஓடும் விளையாட்டாகப் பந்தயம் சுருங்கிவிடும் என்பது உண்மைதான்.

ஆனால் முறைப்பாட்டின் அடியில் வேறொரு கூற்று இருக்கிறது: கார் என்னுடையது, உயிரும் என்னுடையது, அதைப் பணயம் வைக்க எனக்கு உரிமையில்லையா? மெய்யியல் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. தன் உயிரைத் தெரிந்தே ஆபத்தில் வைப்பவரை மலையேறியும் முத்துக்குளித்தும் வாழ்ந்த மனித குலம் பழித்ததில்லை. கேள்வி அந்த ஆபத்து அவரோடு நிற்குமா என்பதே. 1964இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் பெற்றோல் நிரம்பிய கார் சுவரில் மோதித் தீப்பிடித்தது. அதை ஓட்டிய டேவ் மெக்டொனால்ட் இறந்தார். பின்னால் வந்து மோதிய எடி சாக்ஸும் இறந்தார். அதன்பின் அங்கே பெற்றோலின் இடத்தை மெதனோல் பிடித்தது. மிட்ஜெட் கார்களும் மெதனோலில்தான் ஓடுகின்றன. நீரால் அணைக்கலாம் என்பது அதன் நன்மை. பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது என்பது அதன் கொடுமை. சாரதியின் இருக்கைப் பட்டியை அவிழ்க்கக் கைநீட்டும் மார்ஷல் எனப்படும் பாதைப் பணியாளர் தீயைக் காண்பதற்கு முன் தோல் சுடுவதை உணர்கிறார். சாரதி ஒப்புக்கொண்ட ஆபத்துக்கு அந்தக் கை ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லயிலிருந்து ரயிலில் பண்டாரவளையைக் கடந்தால் வரும் தியத்தலாவையில், 2024 ஏப்ரல் 21 அன்று இதே கேள்வி தீயே இல்லாமல் எழுந்தது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நடந்த ஃபொக்ஸ் ஹில் மோட்டார் பந்தயம் அது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலம், பெருங்கூட்டம், செம்மண் புழுதி. ஓடுபாதையை விட்டு விலகிய ஒரு கார் ஆட்கள் நின்ற பக்கம் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தனர், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இறந்தவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். எட்டு வயதில் ஒருவர் எந்த ஆபத்தைத் தெரிந்து ஏற்றிருக்க முடியும்? பந்தயம் பார்க்க வந்ததே சம்மதம் என்று சொல்லும் வாதம் இந்த ஒரு மரணத்தின் முன் நிற்காது.

வேண்டுமென்று செய்யாத கேட்டுக்கு யார் பொறுப்பு என்பதை இந்த மண் வெகு காலமாக எண்ணிவந்திருக்கிறது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் மன்னன் எல்லாளனைப் பற்றிச் சொல்லும் கதைகளில் இரண்டு வாகன விபத்துகளே. அவன் மகனின் தேர், பாதையில் தாயோடு கிடந்த கன்றின் கழுத்தில் ஏறியது. மகன் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நூல் சொல்லாமல் விடவில்லை. ஆனாலும் பசு ஆராய்ச்சி மணியை அடித்தபோது, அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான் மன்னன். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையாகத் தமிழர் அறிந்தது இதன் இன்னொரு வடிவம்.

இரண்டாவது கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, ஆனால் இங்கே அதுவே கூடுதலாகப் பொருந்துகிறது. எல்லாளனின் தேர் நுகம் ஒரு தூபியில் இடித்துவிட்டது. இதுவும் தெரியாமல் நடந்ததுதான். மன்னன் இறங்கிப் பாதையில் விழுந்து, தன் தலையையும் சக்கரத்தால் அறுக்கச் சொன்னான். பிறருக்குத் தீங்கு நேர்வதைப் புத்தர் விரும்பமாட்டார், தூபியைச் சீர்செய்யுங்கள் என்றார்கள் அமைச்சர்கள். பெயர்ந்தவை பதினைந்து கற்கள். அவற்றைத் திரும்பப் பதிக்க அவன் செலவிட்டது 15,000 கஹாபணக் காசு. முதல் கதையில் பொறுப்பு என்பது தண்டனை. இரண்டாவதில் அது பழுதைச் சரிசெய்யும் செலவு. கல்லைத் திரும்பப் பதிக்க முடிந்ததால்தான் இரண்டாவது வழி திறந்தது. கன்றுக்கு அந்த வழி இல்லை, தியத்தலாவைச் சிறுமிக்கும் இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் செலவு முன்னதாகவே செய்யப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான நியாயம் தேவையில்லை.

பௌத்த விநய பிடகம் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. துணி போர்த்திய இருக்கையில் ஒரு பிக்கு அமர்ந்தார், துணிக்கடியில் கிடந்த குழந்தை நசுங்கி இறந்தது. கொல்லும் எண்ணம் இல்லாததால் சங்கத்திலிருந்து நீக்கும் குற்றம் ஆகவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்கையில் அமர்வதே இனி ஒரு குற்றம் என்று விதி பிறந்தது. இங்கே குற்றம் மரணத்தோடு கட்டப்படவில்லை. குழந்தை இல்லாத வெறும் இருக்கையில் பார்க்காமல் அமர்ந்தாலும் குற்றமே. காலாவதியான பையோடு ஓடி ஒன்றும் ஆகாமல் திரும்பிய சாரதியும் இந்தக் கணக்கில் தப்பவில்லை. வள்ளுவர் பொச்சாவாமைக்கு, அதாவது கவனம் தவறாமைக்கு, தனி அதிகாரம் ஒதுக்கியதும் இந்தக் கவனக்குறைவைப் பற்றித்தான்.

மறுபக்கத்தில் தலைவிதி என்ற நம்பிக்கை நிற்கிறது. துக்க வீட்டில் ‘காலம் முடிஞ்சிருச்சு’ என்று சொல்வது அழுகிறவரைத் தாங்கிப் பிடிக்கும் சொல், அதைப் பிடுங்கத் தேவையில்லை. ஆனால் அதே சொல்லை விபத்துக்கு முன்னால் சொன்னால், அது ஒருவர் செய்யாமல் விட்ட வேலையை ஊழின் தலையில் கட்டுவதாகிவிடும். புதிய வாகனத்தைக் கதிர்காமம் கொண்டுபோய்ப் பூசை செய்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிற சாரதி, வீதியில் ஏறும்போது பிரேக்கையும் அழுத்திப் பார்க்கிறார். அவருக்கு இரண்டும் முரண்படுவதில்லை. எலுமிச்சை பிரேக்குக்குப் பதிலாகும் என்று எந்தக் கோயிலும் சொன்னதில்லை.

எஞ்சுவது செலவை யார் தாங்குவது என்ற கேள்வி. ஆபத்து பலருக்குப் பொதுவானால் காப்புச் செலவும் பொதுவாகலாம். கழகமொன்று தாங்கிகளை வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுக்கலாம், நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கலாம், சுற்றுகளைக் குறைத்துச் சிறிய தாங்கியோடு ஓட விடலாம். மண்மேடும் தடுப்பு வேலியும் பார்வையாளரைத் தள்ளி நிறுத்தும் ஆட்களும் இதே கணக்கில் வருபவை. வசதி குறைந்தவரைப் பந்தயத்திலிருந்து விரட்டாமல் விதியைக் காக்க வழி உண்டு. பந்தய நாள் காலையில் பரிசோதகர் தாங்கியின் மூடித்தட்டருகே குனிந்து, பையில் அச்சிட்ட மாதத்தையும் ஆண்டையும் படிக்கிறார். காலம் கடந்திருந்தால் அந்தக் கார் அன்று வரிசையில் நிற்பதில்லை.