நடுவயதிற் கலாநிதிக் கல்வி: வயது ஓர் அளவுகோலாகுமா?

நாற்பத்தைந்து வயதான ஒருவர் சிகிச்சை உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற விழைந்து ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றுக்கு விண்ணப்பிக்கிறார் எனக் கொள்க. ஓராண்டு முழுநேரப் பயிற்சியையும் உள்ளடக்கிய அக்கல்வி ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை நீளும். முடிக்கும்போது அவர் ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவரது வயது அதிகம் என்று எவரும் எழுத்தில் அறிவிப்பதில்லை. ஆனால் நேர்முகத்தில், தம்மிலும் இளைய மேற்பார்வையாளரின் கீழ் அவராற் பணியாற்ற இயலுமா என்று வினவப்படலாம். வயதைப் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் இவ்வாறே வேறோர் உடை தரித்து வருகிறது.

முதுமை குறித்த இம்முற்சாய்வுக்குத் தனிப்பெயர் சூட்டியவர் உளமருத்துவரான றொபேட் பட்லர். 1969ஆம் ஆண்டில் அவர் இதனை நிறவெறியோடும் பால்வழிப் பாகுபாட்டோடும் ஒருங்குவைத்து நோக்கினார். கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெறும் செயற்றிட்டங்களில் வயதுவழிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அந்நாட்டில் 1975இல் நிறைவேறியது. எனினும் வயதல்லாத நியாயமான காரணிகளுக்கு அச்சட்டம் இடமளிக்கிறது. 'அண்மைய ஆய்வனுபவம்' என்ற தகைமை அத்தகைய காரணியாகலாம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஆய்வுகூடத்தை விட்டவருக்கு அச்சொற்றொடர் எதனைச் செய்துவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மறுதரப்பின் வாதத்தையும் எளிதிற் புறந்தள்ளலாகாது. மேற்பார்வையாளர் ஒருவர் ஆண்டொன்றுக்கு ஓரிருவரையே ஏற்க முடியும். பல துறைகள் கட்டணத்தை நீக்கி உதவிப்பணமும் வழங்குகின்றன. இருபத்தைந்து வயதில் நுழைபவர் முப்பதாண்டுகளுக்கு மேல் தொழில் புரிவார். நாற்பத்தைந்தில் நுழைபவர் அதிற் பாதியே புரிவார். ஆகவே அரிய இடம் நெடுநாட் பயன் தருபவருக்கே உரியது என்பர். கணக்குச் சரியே. ஆயினும் இக்கணக்கு வேறெவருக்கும் போடப்படுவதில்லை. இளைஞர் பட்டம் பெற்றதும் வேறு தொழிலை நாடமாட்டார் என்பதற்கு எவரும் பிணை கேட்பதில்லை. நோயுற்ற ஒருவரின் ஆயுளை மதிப்பிட்டு அனுமதியை மறுப்பின் அது கொடுமை எனப்படும். ஒரே அளவுகோல் நரைத்த தலைக்கு மட்டும் எடுக்கப்படுமாயின், அளக்கப்படுவது பயன் அன்று.

இதனினும் நுட்பமான வாதம் ஒன்றுண்டு. நிறமும் பாலும் ஒருவரை வாழ்நாள் முழுதும் தொடர்வன. இளமையோ எல்லோருக்கும் ஒருமுறை கிடைத்தது. ஆதலால் மூத்தவர் தம் முறையை ஏற்கனவே பெற்றுவிட்டார் என்பது அவ்வாதம். பெற்றாரா என்பதே கேள்வி. பிள்ளைகளை வளர்த்தும் பெற்றோரைப் பேணியும் பிறர் கல்விக்குப் பொருளீட்டியும் இளமையைக் கழித்தவருக்கு ஆண்டுகள் கிடைத்தன, முறை கிடைக்கவில்லை. மேரி விற்றன் கால்கின்ஸ் 1895இல் ஹாவாட்டிற் கலாநிதிப் பட்டத்துக்குரிய தேவைகளனைத்தையும் நிறைவு செய்தும் பெண் என்பதாற் பட்டம் மறுக்கப்பெற்றார். 1905இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைவரானபோதும் அப்பட்டம் அவரிடம் இருக்கவில்லை. மருத்துவத் துறையில் இங்கேபோர்க் றாப்போர்ட் நாசி ஆட்சியின் இனச்சட்டங்களால் 1938இல் வாய்மொழித் தேர்வுக்கு அனுமதிக்கப்படவில்லை. ஹம்பேர்க் பல்கலைக்கழகம் 2015இல், அவரது 102ஆம் வயதில், தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. பயனாண்டுகளை எண்ணியிருப்பின் அத்தேர்வு நடந்திராது. இழந்த முறையைத் திருப்பியளிப்பதும் கல்வி நிறுவனத்தின் கடன் என்று அங்கு கருதப்பட்டது.

கற்கும் ஆற்றல் பற்றிய ஐயத்தை உளவியலாளர் எழுப்புவதுதான் விந்தை. ஐம்பதை அண்மியோரின் உளம் நெகிழ்வற்றது, அவர்கள் உளப்பகுப்பாய்வுக்கு ஏற்றவரல்லர் என்று 1904இல் உரைத்த சிக்மண்ட் புரொய்டுக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு! தம் கொள்கையைப் பெரிதும் மாற்றியமைத்த நூல்களை அவர் அறுபதைக் கடந்த பின்னரும் எழுதினார். வோர்னர் ஷை 1956இல் சியாட்டிலில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, புலனுணர்வின் வேகம் முன்னரே தளரினும் சொல்வளமும் தொகுத்துணரும் ஆற்றலும் நடுவயதில் உச்சநிலையை எய்துவதைக் காட்டியது. துயருற்றோரின் சொற்களைக் கேட்டுப் பொருளுணர வேண்டிய தொழிலுக்கு இவற்றுள் எது இன்றியமையாதது என்பதைத் தெரிவுக் குழுக்கள் தம் பாடநூல்களிலேயே தேடலாம்.

எனினும் நடுவயது மாணவர் எதிர்கொள்ளும் தடைகள் அனைத்தும் பாகுபாட்டின் விளைவல்ல. வருமானம் குன்றுவதும், பயிற்சிக்காக வேற்றூர் பெயர்வதும், குடும்பத்தின் சுமையும் எவருடைய குற்றமுமல்ல. அவற்றைத் தாங்கலாமா என்று முடிவுசெய்பவர் விண்ணப்பதாரரேயன்றிக் குழு அன்று. இளைய மேற்பார்வையாளர் பற்றிய அவ்வினாவும் தன்னளவில் தவறானதன்று. அவ்வுறவில் இடர்ப்பாடு நேரக்கூடும். ஆனால் அது இருவருக்கிடையிலான உறவு. தம்மிலும் மூத்த ஒருவரின் பிழையைத் தயக்கமின்றித் திருத்த இயலுமா என்று அம்மேற்பார்வையாளரும் வினவப்பட வேண்டியவரே.