சும்மா உட்கார ஒரு பெஞ்சு

காரைக்குடியில் ஒரு பிற்பகல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். கிளாஸைக் கீழே வைத்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை. பக்கத்தில் நான்கு ஆண்கள், நான் வருவதற்கு முன்பிருந்தே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாஸ்டர் என்னிடம் மட்டும் கேட்டார், அக்கறையாகத்தான்: “யாருக்காச்சும் காத்திருக்கீங்களாக்கா?”

“பஸ்ஸுக்குண்ணே” என்றேன். எனக்கு எந்த பஸ்ஸும் இல்லை.

ஏன் பொய் சொன்னேன்? ரேஷன், ஆஸ்பத்திரி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று பெண் வெளியே இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. ‘சும்மா’ என்பது ஆணுக்கு மட்டுமே செல்லுபடியாகும் காரணம்.

ஆங்கிலத்தில் ‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். அதாவது பொது வீடு. ஆனால் லண்டன் ஃப்ளீட் தெருவின் ‘எல் வினோ’ மதுக்கடையில், பெண்கள் முன்பகுதியில் ஆண்களோடு நின்று மது வாங்க முடியாமல் இருந்தது. பின்னறையில் போய் உட்கார வேண்டியிருந்தது. பத்திரிகையாளர்கள் கூடிச் செய்தி பேசிய இடமோ அந்த முன்பகுதிதான். டெஸ் கில், அன்னா கூட் என்ற இருவர் வழக்குப் போட்டு, 1982இல் மேல்முறையீட்டில் வென்றார்கள்.

இந்த வரைபடம் நமக்குப் புதிதா? செட்டிநாட்டு வீடுகளில் முகப்புத் திண்ணை ஆண்களுக்கு. கணக்கு வழக்கும் ஊர்ப்பேச்சும் அங்கேதான். பெண்களுக்கு உள்கட்டும் அடுப்படியும். எங்களுடையது அப்படிப்பட்ட பெரிய வீடு அல்ல. ஆனாலும் என் அப்பத்தா வெற்றிலை போடக்கூடக் கொல்லைப்பக்கம்தான் போவார்.

குடியால் சீரழிந்த குடும்பங்கள் இத்தனை இருக்கும்போது, மதுக்கடையில் இடம் கேட்பதா பெண்ணியம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டாஸ்மாக்கை மூடச் சொல்லித் தெருவில் உட்காரும் பெண்கள் பக்கம்தான் நானும். ஆனால் அவர்கள் மகிழ்ச்சியை எதிர்க்கவில்லை. அவனுடைய பொழுதுக்குத் தங்கள் கூலியும் உடம்பும் விலையாவதை எதிர்க்கிறார்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, இருவரும் பகிர்ந்துண்ட கள்ளைத்தான் முதலில் நினைக்கிறது. அங்கே அவர் தோழமையின் சம பங்காளி.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் வேலையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

அந்தக் கணக்கு என்னையும் விடவில்லை. நான் பெஞ்சில் இருந்த நேரத்தில் என் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் சம்பளத்துக்கு வரும் ஒரு பெண். அவர் எங்கே, எப்போது உட்கார்வார்? அவருக்கும் கிடைக்காதவரை, எனக்குக் கிடைத்தது உரிமை அல்ல, சலுகை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுப்பு. சம்பளப் பிடித்தம் இல்லை. பாத்திரங்களை வீட்டில் எல்லோரும் தேய்க்கிறோம். சென்ற வாரம் அதே கடைக்குப் போனேன். மாஸ்டர் மறுபடியும் கேட்டார்.

“யாருக்கும் இல்லண்ணே. சும்மாதான்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார். நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.