மூன்றாம் மாதத்து அறிவு

மயிலாப்பூர் மாட வீதிகளை அடுத்த இல்லங்களில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிற்று என்று தெரிந்ததும், கற்பகாம்பாளுக்கு அர்ச்சனை செய்விப்பதும் மருத்துவரிடம் ஸ்கேனுக்கு நாள் குறித்துக்கொள்வதும் ஒரே வாரத்தில் நடந்துவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே முரண்பாடு உண்டென்று ஒருவரும் நினைப்பதில்லை. ஆனால் மூன்றாம் மாதத்தில், "என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், குழந்தைக்குக் குறை ஏதும் இருக்கக்கூடுமா என்று பார்த்துவிடலாம்" என்று மருத்துவர் சொல்லும்போது, வீட்டில் ஒரு தயக்கம் எழுகிறது. பகவான் கொடுத்ததைச் சோதித்துப் பார்க்கலாமா என்று பாட்டி கேட்கிறாள். அறிந்துகொள்ள வழியிருக்கும்போது அறியாதிருப்பது பொறுப்பாகுமா என்று பெண் கேட்கிறாள். இரண்டும் உள்ளத்தின் ஆழத்திலிருந்து வரும் கேள்விகளே. ஒன்றை மூடநம்பிக்கை என்றும் மற்றொன்றை அகம்பாவம் என்றும் தள்ளிவிடுகிறவர் இரண்டையும் புரிந்துகொள்ளாதவர்.

இப்பரிசோதனையில் நடப்பது என்ன என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஆறேழு வாரங்களில் எடுக்கப்படும் முதல் ஸ்கேன், கரு கர்ப்பப்பையினுள்தான் தங்கியிருக்கிறதா, இதயம் துடிக்கிறதா என்பவற்றைச் சொல்லும். பிறகு, 11 வாரம் நிறைந்து 14 வாரம் நிறைவதற்குள், சிசு தலையுச்சியிலிருந்து புட்டம் வரையில் 45 முதல் 84 மில்லிமீட்டர் நீளம் வளர்ந்திருக்கும் பருவத்தில், என்.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. வயிற்றின்மேல் குளிர்ந்த களிம்பைத் தடவி, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி, அவை பட்டுத் திரும்புவதைக் கொண்டு கருவி உருவத்தை வரைகிறது. எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. சிசு அளப்பதற்கு வாகாகப் படுத்திராவிட்டால், சற்று நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். அதனால் அஞ்ச வேண்டுவதில்லை. பிரசவ நாளைக் கணிப்பதற்கும், இரட்டைக் குழந்தைகளாயின் அவை ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்கின்றனவா என்று அறிவதற்கும், மண்டையோடு உருவாகியிருக்கிறதா என்று காண்பதற்கும் இதுவே ஏற்ற சமயம். எல்லாச் சிசுக்களுக்கும் இப்பருவத்தில் பின்கழுத்துத் தோலின் அடியில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். நியூக்கல் டிரான்ஸ்லூசன்சி (என்.டி.) எனப்படும் அதன் தடிப்பை அளப்பதே இந்த ஸ்கேனுக்குப் பெயர் தந்த காரியம். அது 3.5 மில்லிமீட்டரை எட்டினாலோ தாண்டினாலோ, குரோமோசோம்களிலோ இதயத்திலோ மாறுபாடு இருக்கக்கூடுமோ என்று மேலும் ஆராய்கிறார்கள்.

கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்டு 1958இல் ஒலியலைகளால் வயிற்றினுள் காணும் முறையை உலகுக்கு அறிவித்தார். லண்டனில் கைப்ரோஸ் நிக்கொலைடஸ் 1992இல் பின்கழுத்து நீருக்கும் குரோமோசோம் மாறுபாட்டுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். இன்று மயிலாப்பூரில் டாக்டர் எஸ். சுரேஷ் நிறுவிய மெடிஸ்கேன் போன்ற நிலையங்களால், கருவிலுள்ள சிசுவுக்கான வைத்தியம் நம் தெருக்களுக்கே வந்துவிட்டது. பின்கழுத்து நீரின் அளவையும் தாயின் வயதையும் அவள் இரத்தத்தில் காணும் இரு பொருள்களின் நிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 சிசுக்களில் ஏறக்குறைய 90ஐ இச்சோதனை சுட்டிவிடும். அவ்வாறு சுட்டுகையில், அந்நிலை இல்லாத 100 சிசுக்களில் ஏறக்குறைய ஐந்தையும் வீணே சந்தேகித்துவிடும்.

இனி, இந்த அறிவு எத்தகையது? ஸ்கேன் அறையில் திரையைப் பார்க்கும் தாய் தன் குழந்தையைப் பிரத்தியட்சமாகக் காண்கிறாள். ஆனால் கையில் தரப்படும் அறிக்கை பிரத்தியட்சம் அன்று. மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராய் இருந்தவரும், நம் தருக்க சாஸ்திரத்தைப் பயில்வோர்க்கு 1932இல் ஓர் அறிமுக நூல் எழுதித் தந்தவருமான மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரியாரின் மரபினர், மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறியும் அனுமானத்தைப் பற்றி நமக்குச் சொல்வார்கள். புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டு என்ற பிறழாத நியதி, வியாப்தி, இருந்தால்தான் அனுமானம் நிற்கும். பின்கழுத்து நீர் தடித்த சிசுக்களில் பல யாதொரு குறையுமின்றிப் பிறக்கின்றன. தடிக்காதவற்றில் சில குறையுடன் பிறக்கின்றன. ஆகவே இங்கே வியாப்தி இல்லை, அனுமானமும் இல்லை. எஞ்சுவது, தருக்க நூலாரான நையாயிகர்கள் சம்பாவனை என்று சொல்லும், ஒரு பக்கம் கனத்து நிற்கும் சந்தேகமே.

இந்தப் பேதத்தை அறியாமையால் விளையும் துயரம் கொஞ்சமன்று. அறிக்கையில் டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு 200இல் 1 என்று வந்திருக்கக் கண்ட தாய், தன் குழந்தைக்கு நோய் உறுதியாகிவிட்டது என்று எண்ணி உறக்கமின்றி அழுகிறாள். அதே எண் வந்த 200 தாய்மார்களில் 199 பேரின் குழந்தைக்கு அந்நிலை இல்லை என்பதுதான் அதன் பொருள். 5,000இல் 1 என்று வந்திருக்கக் கண்டவள் இனி எந்தக் குறையும் வாராது என்று எண்ணிக்கொள்கிறாள், அதுவும் தவறே. சந்தேகத்துக்கு உரிய மரியாதை அதை மேலும் விசாரிப்பதுதான். தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகளை ஆராயும் என்.ஐ.பி.டி. சந்தேகத்தைப் பெரிதும் குறைக்கும். நஞ்சுக்கொடியின் திசுவையோ, 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரையோ எடுத்துச் செய்யும் சோதனையே நிச்சயத்தைத் தரும். அந்த நிச்சயம் வரும் முன்னர் முடிவு எதையும் எடுப்பது சாஸ்திரத்துக்கும் ஒவ்வாது, விஞ்ஞானத்துக்கும் ஒவ்வாது.

அறிய விரும்புவதே பக்திக் குறைவு என்று அஞ்சுகிறவர்களுக்கு நம் வைணவப் பெரியோர்களின் பழைய வாதமே பதில் சொல்லும். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டிபோல் ஜீவன் தன் பங்குக்கு ஒரு முயற்சி செய்ய வேண்டும் என்று மயிலாப்பூரில் தனிக்கோயில் கொண்டிருக்கும் வேதாந்த தேசிகரின் மரபும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டிபோல் அருள் ஒன்றே போதும் என்று பிள்ளை லோகாசாரியரின் மரபும் கூறும். அது மோட்ச உபாயத்தைப் பற்றிய விவகாரம். காய்ச்சல் வந்த குழந்தைக்கு வைத்தியம் பார்க்கலாகாது என்று இரு மரபினரும் சொன்னதில்லை. சரணாகதி என்பது பலனைப் பகவானிடம் விடுவது. கடமையை அவனிடம் தள்ளிவிடுவது ஆகாது. மேலும், இந்த அறிவு குறை தேடுவதற்கு மட்டுமே பயன்படுவதும் அன்று. பிற்காலத்தில் தாய்க்கு இரத்த அழுத்தம் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரக்கூடுமா என்பதையும் இதே வாரங்களில் கணித்து, 16 வாரத்துக்குள் சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுத்து அதைப் பெரிதும் தவிர்க்க முடிகிறது. கருவில் மாதந்தோறும் தாம் தப்பிப் பிழைத்த அபாயங்களைத் தம் 'போற்றித் திருவகவல்' பாட்டில் வரிசையாக எண்ணிக் காட்டிய மாணிக்கவாசகர், கர்ப்பம் அபாயம் நிறைந்தது என்பதை மறைத்தவர் அல்லர். மூன்று மாதம் நிறையும்வரை ஊருக்குச் சொல்லாதிருந்த நம் பாட்டிமாரும் அதை அறிந்தவர்களே.

ஆயினும், அறியத்தகாதது ஒன்று உண்டு. மூன்றாம் மாதத்தில் ஆண் மகவை வேண்டிச் செய்யப்படும் பும்ஸவனம் நம் கிருஹ்ய சூத்திரங்களில் விதிக்கப்பட்டது. இன்றும் பல வீடுகளில் சீமந்தத்தோடு சேர்த்து அதை நடத்துகிறார்கள். அதே மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் அறையின் வாயிலிலோ, கருவிலுள்ளது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்ற பலகை தொங்குகிறது. இதைக் குற்றமாக்கி 1994இல் இயற்றப்பட்டு 2003இல் கடுமையாக்கப்பட்ட சட்டம், முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறையை விதிக்கிறது. சேலத்திலும் உசிலம்பட்டியிலும் பெண் சிசுக்களுக்கு நேர்ந்த கொடுமையை அறிந்தவர் எவரும் இச்சட்டத்தைக் குறை கூறமாட்டார்கள். சிவநேசரின் மகள் பூம்பாவையின் உயிரை மீட்பதற்காகவே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் மயிலாப்பூர். எலும்பாகிவிட்ட பெண்ணையும் குடத்திலிட்டுக் காத்த தகப்பனை வணங்கும் ஊரில், பிறவாத பெண்ணை வேண்டாமென்று எண்ணுவது அந்தப் பக்தியையே மறுப்பதாகும். பும்ஸவன மந்திரத்தின் வேண்டுதலை நல்ல மகவு என்பதோடு நிறுத்திக்கொள்வதே இக்காலத்துக்கு உரிய ஆசாரம் என்று நான் கருதுகிறேன்.

குறை இருப்பது நிச்சயமாகிவிட்டால், யார் செய்த வினை என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்துவிடும். பெரும்பாலும் அது தாயையே குறிவைக்கும். மந்தமும் ஊமையும் குருடும் தாயின் வயிற்று நிலையால் விளைகின்றன என்று திருமந்திரமே கூறுகிறது. திருமூலரை நாம் வணங்குவது சிவஞானத்துக்காக. கருவின் வைத்திய விவரத்தில் அவர் தம் காலத்து அறிவையே உரைத்தார் என்று கொள்வது அவருக்கு அபசாரம் ஆகாது. டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகையாக இருப்பதே என்று பிரான்ஸ் நாட்டு ஜெரோம் லெஜூனும் உடனாய்வாளர்களும் 1959இல் கண்டார்கள். உயிரணு பிரியும்போது தற்செயலாக நேரும் பிறழ்ச்சி அது. தாய் உண்டதாலோ, நடந்ததாலோ, கிரகணத்தைப் பார்த்ததாலோ வருவதன்று. வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளத் துணை செய்யும் தத்துவம். பிறர் துன்பத்தின்மேல் பழி சுமத்த அதைக் கருவியாக்குகிறவர் அதன் தர்மத்தையே கெடுக்கிறார்.

பின்பு என்ன செய்வது என்னும் கடைசிக் கேள்வியே எல்லாவற்றிலும் கடினமானது. நாட்டுச் சட்டம், 2021இல் திருத்தப்பட்டபடி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தையும், குறிப்பிட்ட வகையினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தையும் கொண்டு கருக்கலைப்பை அனுமதிக்கிறது. கடுமையான ஊனம் என்று மருத்துவக் குழு கண்டால் அதற்கு மேலும் வழி விடுகிறது. ஆனால் சட்டம் அனுமதிப்பதும் மனச்சாட்சி ஒப்புவதும் ஒன்றாகிவிடுவதில்லை. ஜீவன் கரு உண்டாகும்போதே சேர்ந்துவிடுகிறது என்று சரகர் கூற, ஏழாம் மாதத்தில் சேர்கிறது என்று கர்ப்போபநிஷத்து கூறுகிறது. சாஸ்திரங்களே ஒருமுகமாகப் பேசாத இடத்தில், ஒரு தம்பதியின் முடிவைப் பாபம் என்று தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. அதே சமயம், இறந்து பிறந்த குழந்தையையும் உருவற்ற தசைப் பிண்டத்தையும்கூட ஆளாகவே மதித்த பழங்கால மரபைப் புறநானூற்றில் நினைவுகூரும் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் நாட்டில், அம்முடிவை இலேசாக எடுப்பதற்கும் இடமில்லை.

ஒன்றை மாத்திரம் உறுதியாகச் சொல்லலாம். வாழ இயலாத சிசுவின் நிலை வேறு. நம்மைப்போல் சிரித்தும் அழுதும் கற்றும் வாழக்கூடிய குழந்தையின் நிலை வேறு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்காகவும் அவர்தம் பெற்றோர்களுக்காகவும் டாக்டர் சுரேகா ராமச்சந்திரன் நம் நகரத்திலேயே ஓர் அமைப்பை வளர்த்திருக்கிறார். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கும் தம்பதியர் மருத்துவரைக் கேட்பதோடு நில்லாமல், அத்தகைய குழந்தைகளை வளர்த்த தாய்மார்களையும் கேட்டல் வேண்டும். 1985இல் தொடங்கி, இன்று கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர் என்னும் தொண்டு நிறுவனத்துக்கு வரும் பெருமூளை வாதமுற்ற குழந்தைகளில் மிகப் பலரின் குறை, எந்த ஸ்கேனிலும் முன்னதாகத் தெரியக்கூடியதன்று. பிரசவத்திலோ அதன் பின்னரோ நேர்ந்த இடர்களால் சிலருக்கு அது வந்தது. பரிசோதனையில் தேறிய குழந்தையை மட்டும் நேசிப்பேன் என்று எண்ணுகிறவரின் அன்பு, ஸ்கேனுக்கு அப்பால் நிற்கும் இந்தக் குழந்தைகளின் முன் ஒரு நாள் தவறிவிடும்.

ஆகவே, மூன்றாம் மாதத்துப் பரிசோதனைக்குப் போகும் பெண்ணுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: தயக்கமின்றிப் போ; கிடைப்பது சம்பாவனை என்பதை மறவாதே; எண்ணைப் பொருள் சொல்லி விளக்கும் மருத்துவர் வாய்க்கும்வரை கேட்டுக்கொண்டே இரு; கணவனும் உடன் வந்து கேட்கட்டும். முடிவு அறிவுக்காகக் காத்திருக்க வேண்டும். அன்பு எந்த அறிக்கைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டியின் நம்பிக்கையும் பெண்ணின் பொறுப்புணர்ச்சியும் இவ்வகையில் ஒரே வீட்டில் ஒன்றையொன்று தாங்கி நிற்கலாம். அவ்வாறு நிற்கும் வீட்டில் எந்தக் குழந்தை பிறப்பினும் அது வரவேற்புக்குரிய விருந்தாகவே பிறக்கும்.