தலைமையும் கைத்தொண்டும்

பலரை நடத்தும் பொறுப்புடையார், அப்பலர் செய்யும் எளிய தொழிலைத் தாமும் தம் கையாற் செய்தல் வேண்டுமோ, வேண்டாவோ என்பது ஆராயற்பாலதொரு வினா. வேண்டா என்பார் கூற்று வருமாறு: வினைக்குரியாரைத் தெரிந்து அவர்பால் அதனை ஒப்புவித்தலே தலைவர் கடன், திருவள்ளுவரும் தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரம் வகுத்தருளினார், புல் செதுக்குதற்குப் பலர் உளராகவும் நூல்வல்லார் ஒருவர் அதனிற் பொழுது போக்குதல் தகுதியன்று என்பதாம். இக்கூற்று எளிதிற் றள்ளத்தக்கதன்று. இதற்கு விடை திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாற்றிற் கிடைக்கின்றது.

7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய சுவாமிகள் தலைமையின் இயல்பை அறியாதவரல்லர். சமண் சமயத்திலிருந்த காலத்துத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றிருந்தவர். சைவத்திற் புகுந்தபின் அவர் கையில் ஏந்தியது உழவாரப்படை. அடியார் கூட்டம் தம்மைப் போற்றிச் சூழவும், திருமுன்றிலைத் திருத்தும் பணியை அவர் பிறர்க்கு விட்டாரல்லர். அப்பணியால் அவர்தம் பாடற்றொண்டு குறைந்ததுமில்லை.

12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்துத் திருவீழிமிழலை நிகழ்ச்சி ஈண்டுக் கருதத்தக்கது. பஞ்சம் வந்துற்ற காலத்து அரசரும் திருஞானசம்பந்தப் பிள்ளையாரும் நாடோறும் இறைவன்பாற் படிக்காசு பெற்று, தத்தம் திருமடங்களில் அடியாரை அமுது செய்வித்தனர். அரசர் காசு வாசியின்றிச் சென்றது. பிள்ளையார் காசுக்கோ வணிகர் வட்டம் கேட்டனர். அதனாற் பிள்ளையார் மடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. பிள்ளையார் அமுதாக்குவாரைக் கடியவில்லை, காரணம் வினவினார். அரசர் கைத்திருத்தொண்டு செய்தலே அவர் காசின் சிறப்புக்கு ஏதுவெனத் தெளிந்து, இறைவனைப் பாடி வாசி தீர்ந்த காசு பெற்றார். பசித்திருப்பாரை நினைந்து தாமே வினவுதலும், குறையை ஏவலர்மேல் ஏற்றாது அதன் வேரை நாடுதலும், மற்றொருவர்தம் மேன்மையை மகிழ்ந்து ஒப்புதலும் தலைவர்க்கு இன்றியமையாத பண்புகள் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, கைத்தொண்டின் பயன் யாது? தானே செய்தறிந்தவனுக்கே ஒரு வினையின் அருமையும், அதற்கு வேண்டும் காலமும், அதனைச் செய்வான் படும் வருத்தமும் விளங்கும். அவ்விளக்கம் இல்லாதான் ஆள் தெரிதலும் பிழைபடும், ஏவலும் கொடிதாகும். ஆகவே கைத்தொண்டு தெரிந்து வினையாடலுக்கு மாறன்று, அதற்குத் துணையேயாம். அன்றியும், யான் எனது என்னும் செருக்குப் பிறர் புகழும் இடத்தே மிக வளர்வதாகலின், புகழப்படுவார்க்கே அதனை அடக்கும் பணி பெரிதும் வேண்டப்படுவது.

எனினும் கைத்தொண்டும் வெறுங்காட்சியாய் முடிதல் கூடும். விழாநாளிற் பலர் காண ஒரு நாழிகை துடைப்பம் ஏந்தி, மறுநாள் அதனை மறப்பாரை யாம் காண்கின்றோம். சுவாமிகள் செயல் அத்தகைத்தன்று. திருப்புகலூரில் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்ற, அவற்றைப் பருக்கைக்கல்லோடு ஒப்பவெண்ணி வாவியில் எறிந்தார். திருப்பூந்துருத்தியிற் பிள்ளையார்தம் சிவிகையைத் தாங்குவாருள் ஒருவராய் மறைந்து நின்றார்; பிள்ளையார் வினவியபின்னரே அது வெளிப்பட்டது. ஊதியமும் நோக்காது, காண்பாரையும் வேண்டாது செய்யப்பட்டமையே அத்தொண்டின் மெய்ம்மைக்குச் சான்று.

ஆதலின் அன்பர்காள்! ஒருவரைத் தலைவராகத் தெரிந்துகொள்ளுமுன் அவர் அவையிற் பேசும் பேச்சை மட்டும் நோக்கி அமையற்க. காண்பார் ஒருவரும் இல்லாத பொழுது அவர் கை என் செய்கின்றது என்பதனையும் உசாவுக. அத்தகைய பொறுப்பு நம்மிடத்து வந்துற்றவிடத்து, அவ்வினாவை நம்மை நோக்கியே முதற்கண் எழுப்புதல் கடன்.